பித்தளைப் பற்சக்கரம்

அத்தியாயம் பதினொன்று

செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து ஏரம்பர் வாயைத் திறக்கவில்லை.

கதைக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கதை அவருக்குப் போன மாசியிலேயே போய்விட்டது. பாரிசவாதம் வலது கையையும் காலையும் இழுத்தபோது நாக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்கள் அறிவார்கள். இப்போது அவர் வாயை மூடிக்கொண்டது கஞ்சிக்கு.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சாவகச்சேரிக்கும் கொழும்புக்கும் இடையில் இருபத்தாறு வருசம் லொறி ஓட்டியவர் ஏரம்பர். போன மார்கழியில் கண்டி வீதியில் வைத்து அவருடைய லொறி எரிந்தது. யார் எரித்தது என்று போய்க் கேட்க ஓரிடமும் இருக்கவில்லை. மூன்று நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதத்தில் கிணற்றடியில் விழுந்தார். மனைவி பூரணம் காலமாகி ஆறு வருசம். மகள் செல்வநாயகி, பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள். மகன் தில்லைநாதனுக்கு பஹ்ரெயினில் வேலை. தங்கச்சிக்கு ஒன்று அமையாமல் தான் கலியாணம் கட்டுவதில்லை என்று முப்பத்தாறு வயது வரை நிற்கிறவன். மூன்று கிழமை லீவில் வந்திருக்கிறான். நாளை ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு ஆழ்வாப்பிள்ளையின் வான் அவனை ஏற்ற வாசற் படலைக்கு வரும்.

ஐயா சாப்பிடாமல் கிடக்க அவன் எப்படிப் போவான்? போகாமல் நின்றால் வேலை போய்விடும். அந்த வேலை போனால் இந்த வீட்டில் மருந்துக்கு யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை காலையில் செல்வநாயகி கஞ்சிக் கோப்பையோடு சாய்மனைக் கதிரைக்கு முன்னால் நின்றது இந்தக் கணக்கை யோசித்தபடிதான்.

"ஐயா, ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டி."

ஏரம்பர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மடியில் றிமோட் பெட்டி கிடந்தது. கதிரையின் காலடியில், அரை முழ நீளத்தில், பெரிய கறுத்த சில்லுகளோடு அந்தக் குட்டி லொறி நின்றது.

அது வந்த கதையும் போன வாரங்களில் வந்ததுதான். 'மொன்ஸ்ரர் ட்றக்' என்று பெட்டியில் எழுதியிருந்தது. யாரோ சிநேகிதனின் பிள்ளைக்கு என்று தில்லைநாதன் வாங்கி வந்ததை, சும்மா காட்டுவதற்காக முற்றத்தில் ஓட்டினான். ஏரம்பர் இடக்கையை நீட்டினார். எட்டு மாதத்தில் அவர் தானாகக் கேட்ட முதற் பொருள். றிமோட்டை மடியில் வைத்து, பெருவிரலால் ஒரு தடியையும் சின்னவிரலால் மற்றத் தடியையும் தள்ளப் பழக அவருக்கு ஒரு நாள்தான் எடுத்தது. மூன்றாம் நாள் லொறியின் மேல்மூடியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். அந்த இடத்தில் பிஸ்கட் ரின் மூடி ஒன்றைக் கம்பியால் கட்டுவித்தார். பெட்டி வைத்தாயிற்று, இனிப் பாரம் ஏற்ற வேண்டியதுதானே! கிணற்றடியிலிருந்து குசினி வாசலுக்கு வெங்காயம், குசினியிலிருந்து வேலியடிக்குத் தேங்காய்ப்பொச்சு. பன்னிரண்டு நாள் அந்த முற்றத்தில் போக்குவரத்து நடந்தது. பன்னிரண்டு நாளும் மனிதர் மூன்று நேரமும் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை அது நின்றுவிட்டது. தடியைத் தள்ளினால் மோட்டர் விர்ரென்று சுற்றும், சில்லு அசையாது.

தில்லைநாதன் விறாந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கியர்ப் பெட்டியின் கடைசி ஸ்குறூவையும் கழற்றினான். கழற்றியதை எல்லாம் கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைப்பது அவன் பழக்கம். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைச் சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இஞ்சை பார் நாயகி. முப்பத்தெட்டுப் பல்லு. ஏழு பல்லு அடியோடை போட்டுது."

"பிளாஸ்ரிக்கே?"

"நைலோன். பாய்ஞ்சு ஓடுறதுக்குச் செய்த சாமான். எங்கடை ஐயா பாரம் ஏத்தி ஓடுவார் எண்டு அவங்கள் கண்டாங்களே?" அவன் சிரித்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "எண்டாலும் வெங்காயம் எத்தனை இறாத்தல் வரும்? உப்பிடி முறியாதே."

செல்வநாயகி கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

முறித்தது வெங்காயம் இல்லை. செவ்வாய்க்கிழமை தில்லைநாதன் பாங்கிக்குப் போயிருந்த நேரம், அவள் கிணற்றடியில் மருந்தரைக்கிற சின்ன அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குட்டி லொறி உருண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் பின்பக்கமாகத் திரும்பி, குழவிக்கு முன்னால் நின்றது. சுமை ஏற்றுகிற இடத்தில் லொறியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவது மாதிரியே. விறாந்தையிலிருந்து ஐயா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசையைப் பார். லொறி ஏரம்பருக்கு உது ஒரு பாரமே?" என்று சொல்லி அவள்தான் குழவியைத் தூக்கி வைத்தாள்.

லொறி பதிந்தது, முனகியது, நகர்ந்தது. இரண்டு முழம் போனது. ஐயாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு! மாசிக்குப் பிறகு அவள் கேட்ட முதற் சிரிப்பு. தண்ணி ஓடுகிற வாய்க்கால் விளிம்பில் முன்சில்லு ஏறியது. அங்கேதான் 'கிறிச்' என்றது.

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அண்ணனிடம் அவள் சொன்னது, "வெங்காயம் ஏத்தேக்கை நிண்டிட்டுது" என்று. ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க நாள் பார்த்துப் பார்த்து நாலு நாள் போய்விட்டது.

பக்கத்து வீட்டு இராசாத்தியை ஐயாவோடு இருத்திவிட்டு இருவரும் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தம்பிஐயாப் பத்தரிடம் போனார்கள். லேத் வைத்திருப்பவர்கள் இரண்டு பேரிடம் தில்லைநாதன் ஏற்கெனவே போய்வந்திருந்தான். இவ்வளவு சின்னப் பல்லு வெட்ட ஏலாது என்று இருவரும் கையை விரித்துவிட்டார்கள். நகை செய்கிறவர் கைக்குத்தான் இது அடங்கும் என்பது அவனுடைய யோசனை.

பத்தர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆற்றை மணிக்கூட்டிலை கிடந்தது?"

"மணிக்கூடு இல்லைப் பத்தர். ஐயான்ரை லொறி."

"ஏரம்பற்றை லொறி எரிஞ்சதெல்லோ?"

"இது புது லொறி," என்றான் தில்லைநாதன். விசயத்தைச் சொல்லி முடித்தபோது பத்தர் சிரிக்கவில்லை. போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் இந்தப் பட்டறைக்கு வேண்டிய கரி மூட்டையைக் கூலி வாங்காமல் இறக்கிவிட்டுப் போன மனிதரை அவர் மறக்கவில்லை. அது நடந்த வருசம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பிசகி நின்றது.

"முறிஞ்ச பல்லுக்கு மெழுகு வைச்சுக் கட்டுறன். பேந்து கணவாய் மீன் ஓட்டிலை அமத்தி அச்செடுத்துப் பித்தளை வாக்கலாம். பின்னேரம் மூண்டு மணி செல்லும். ஆனால் தம்பி, ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ."

"இதுக்குப் பக்கத்திலை நிக்கிற சக்கரம் எது?"

தில்லைநாதன் கடதாசிச் சுருளிலிருந்து அதையும் எடுத்துக் காட்டினான். அது இன்னும் சின்னது. உருக்குத் தண்டோடு சேர்த்து வார்த்த நைலோன்.

"இதை என்னாலை செய்ய ஏலாது. தண்டு வெடிச்சிடும். அப்ப பாரும், ஒண்டு பித்தளை, மற்றது பிளாஸ்ரிக். பாரம் கூடினால் பித்தளை தாங்கும். தாங்கிக்கொண்டு பக்கத்துப் பல்லைக் கடிக்கும்." பத்தர் சக்கரத்தைக் கீழே வைத்தார். "என்ன ஏத்தினவர் மனிசன்?"

"வெங்காயம்."

பத்தர் தில்லைநாதனைப் பார்த்தார். பிறகு செல்வநாயகியைப் பார்த்தார். "வெங்காயத்துக்குப் பல்லு உப்பிடி வேரோடை போறேல்லை, பிள்ளை."

சொல்ல அது நல்ல நேரம். பட்டறையில் வேறு ஒருவரும் இல்லை. அண்ணன் கோபிக்கிறவனும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"ஐயா பசியிலை இருப்பார். கெதியாப் போவம் அண்ணை," என்றாள்.

"இனி வெங்காயம் மட்டும்தான் ஏத்துவார் பத்தர், நீங்கள் யோசியாதேங்கோ," என்றான் அவன்.

திரும்பி வரும் வழியில் தில்லைநாதன் நிறையக் கதைத்தான். போனவுடன் கடிதம் போடுவானாம். அங்கே உருக்கிலேயே செய்த முழுத் தொகுதியும் விற்கிறதாம். வாங்கி ஆரேனும் வருகிறவர்கள் கையில் கொடுத்து விடுவானாம்.

"எப்ப வந்து சேரும்?"

"மூண்டு மாதத்துக்குள்ளை."

"மூண்டு மாதமும் ஐயா வாயை மூடிக்கொண்டிருப்பாரே அண்ணை?"

அவன் பத்தடி நடந்தபின், "டொக்டர் என்ன சொன்னவர் எண்டு நீயே சொல்லு," என்றான்.

"நாளைக்கும் இறங்காட்டி ஆசுப்பத்திரி வாட்டிலை விட்டு மூக்காலை குழாய் போடவேணுமாம்."

"குழாயைப் பிடுங்கி எறிவார்."

"ஓம்."

"நான் நிக்கட்டே நாயகி? உள்ளதைச் சொல்லு. நிண்டுவிடட்டே?"

நில் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை! நிற்கச் சொன்னால் நிற்பான், அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லை. மேலே எங்கேயோ ஹெலி ஒன்று சுற்றும் சத்தம் கேட்டது. சந்தைச் சனம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் விலை பேசியது.

"பல்லு வரட்டும், பாப்பம்," என்றாள்.

பல்லு மூன்றரைக்கு வந்தது. பத்தர் தாமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிற்கச் சொல்லியும் நில்லாமல் போனார். மஞ்சளாய், ஒரு நகையைப்போல மினுங்கியது. தில்லைநாதன் அரத்தால் இரண்டு இடத்தில் மெல்லத் தேய்த்தான், கிறீஸ் பூசினான், வரிசையில் வைத்திருந்தவற்றைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினான். ஏரம்பர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஆனால் காது இங்கேதான் இருந்தது. ஸ்குறூ ஒன்று கை தவறிச் சீமெந்தில் விழுந்தபோது அவருடைய இடது புருவம் சுருங்கியதை மகள் கண்டாள்.

"ஐயா, ஓடிப் பாருங்கோ."

பெருவிரல் தடியைத் தொட்டது. லொறி பாய்ந்து படியில் இறங்கியது.

இராசாத்தி கை தட்டினாள். "என்ரை ஆத்தை! என்ன ஓட்டம் ஓடுது!"

முன்பைவிடச் சத்தம் கூட. தகரத்தில் கல் உரசுவது மாதிரி ஒரு கரகரப்பு. ஏரம்பர் தலையைச் சரித்து அந்தக் கரகரப்பைக் கேட்டார். ஒரு சுற்று ஓட்டினார். இரண்டு கை வெங்காயம் ஏற்றுவித்துக் குசினி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். செல்வநாயகி கஞ்சியைச் சூடாக்க உள்ளே ஓடினாள். அவள் கோப்பையோடு திரும்பி வந்தபோது லொறி கிணற்றடியில் நின்றது. பின்பக்கத்தைக் குழவிக்குக் காட்டிக்கொண்டு.

"பாத்தியே இவற்றை கொழுப்பை!" தில்லைநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். "கல்லு ஏத்தக் கேக்கிறார்! நாயகி, தூக்கி வை."

"வேண்டாம் அண்ணை."

"ஏன்?"

"பத்தர் சொன்னவரெல்லோ..."

"ஒருக்கா. நான் போகமுன்னம் ஒருக்கா. அந்த முகத்தைப் பார்."

அவள் பார்த்தாள். ஐயா அண்ணனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நடந்ததை அறிந்த இரண்டே பேர். ஒருவருக்குக் கதை இல்லை. மற்றவளுக்கு இருந்தும் வரவில்லை. 'அண்ணை, முதலும் உதாலைதான் முறிஞ்சது' என்ற நாலு சொல், பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

அதற்குள் தில்லைநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் குழவியைத் தூக்கி ரின் மூடியில் வைத்துவிட்டான்.

லொறி பதிந்தது. முனகியது. ஒரு முழம். இரண்டு முழம். வாய்க்கால் விளிம்பில் முன்சில்லு ஏறியது. இந்தமுறை பித்தளை தாங்கியது. முன்சில்லு விளிம்பைக் கடந்தது! தில்லைநாதன் "போ, போ, போ" என்று வாகனத்துக்குப் பின்னால் நின்று கை காட்டும் கிளீனர் மாதிரிக் கத்தினான். பின்சில்லு விளிம்பைத் தொட்டது.

சத்தம் வித்தியாசமாய் வந்தது. 'கிறிச்' இல்லை. மரத்தை எலி கொறிக்கிற மாதிரி, நீளமாய். பிறகு விர்ர் என்று மோட்டர் மட்டும்.

இராசாத்தி தன் வீட்டில் அடுப்பு எரிகிறதென்று சொல்லி எழுந்து போனாள்.

தில்லைநாதன் வாய்க்காலுக்குள் குந்தியிருந்தான். "என்ரை பிழை," என்றான். "நான்தான் ஏத்தினனான். ஐயா, என்ரை பிழை ஐயா. விசரன் நான். போற நேரத்திலை..." குழவியை எடுத்துக் கீழே வைத்தான். "நான் போகேல்லை. ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

அவன் எழுந்து சைக்கிளைப் பிடித்தான்.

அப்போதுதான் ஏரம்பர் இடக்கையால் கதிரையின் கைப்பிடியில் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. லொறி புறப்படமுன் கதவில் தட்டுவாரே, அந்தத் தட்டு. பிறகு வாயைத் திறந்தார்.

செல்வநாயகி கையில் கோப்பையோடு அசையாமல் நின்றாள். "குடு, குடு," என்று தில்லைநாதன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடிவந்தான். முதற் கரண்டி இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. ஒரு சொட்டுக்கூடக் கடைவாயால் வழியவில்லை. கோப்பை முடிந்தது. இன்னும் கேட்பது மாதிரி மனிதர் வாயைத் திறந்தபடி இருந்தார். கண் மட்டும் மகனை விட்டு எடுபடவில்லை.

"பாத்தியே! லொறி போனாலும் பறவாயில்லை எண்டிறார்." தில்லைநாதன் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், சிரித்தான். "அப்ப நான் போட்டு வாறன் ஐயா. மூண்டு மாதத்திலை உருக்குப் பல்லு வரும். பாருங்கோ."

ஏரம்பர் தலையை ஆட்டினார்.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு வான் வந்தது. உள்ளே ஏற்கெனவே ஆறு பேர். தில்லைநாதன் ஏழாவது. தகப்பனுக்குத் திருநீறு பூசிவிட்டு, தங்கச்சியின் தலையில் கையை வைத்து, "சாப்பிடுறார்தானே, இனிப் பயமில்லை," என்றான். ஆழ்வாப்பிள்ளையின் வானுக்கு மூன்றாம் கியர் விழும்போது ஒரு இருமல் உண்டு. வளைவில் அந்த இருமல் கேட்டது; பிறகு கேட்கவில்லை.

ஆறரைக்குச் செல்வநாயகி கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஆவெண்டுங்கோ ஐயா."

ஏரம்பர் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஊதி ஆற்றினாள். கரண்டியை உதட்டில் வைத்தாள். உதடு இறுகிக் கிடந்தது. கெஞ்சினாள். முகம் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பியது, அந்த நாலு நாளும் திரும்பியது மாதிரியே.

நேற்று அவர் விழுங்கிய ஒவ்வொரு கரண்டியும் யாருக்காக என்று அவளுக்கு அப்போது விளங்கியது. கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கதிரையின் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஐயா, முதல் முறிச்சது நான்தான். உங்களுக்குத் தெரியும். அண்ணைக்குச் சொல்லேல்லை. அவர் தன்ரை பிழை எண்டு நினைச்சுக்கொண்டு போறார்." மூக்கைத் துடைத்தாள். "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் அவருக்கு எழுதிறன். இண்டைக்கே எழுதிறன். முதல் வரியே அதுதான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. இடக்கை மடியிலிருந்த றிமோட்டைத் தேடியது. பெருவிரல் தடியைத் தள்ளியது. காலடியில் மோட்டர் விர்ரென்று சுற்றியது. சில்லு அசையவில்லை. அவர் விரலை எடுக்கவில்லை. தள்ளியபடியே இருந்தார். பற்றறி இறங்க இறங்கச் சத்தம் மெலிந்துகொண்டு போனது. அவள் அதைப் பறிக்கவும் இல்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. நிறுத்திவிட்டு வேறு எதைக் கையில் கொடுப்பாள்?

திடீரென்று விரல் தடியை விட்டது.

அவளும் கேட்டாள். லொறிக்காரன் பெற்ற பிள்ளைக்கு வாகனச் சத்தம் பிழைக்காது. கண்டி வீதிப் பக்கமிருந்து ஒரு வான் வந்தது. வளைவில் மூன்றாம் கியருக்கு மாறியது. இருமியது.

மணி ஏழு. ஆழ்வாப்பிள்ளையின் வான் இந்நேரம் ஆனையிறவைத் தாண்டி நெடுந்தூரம் போயிருக்கவேணும்.

ஏரம்பர் முகத்தைப் படலைப் பக்கம் திருப்பினார். இடக்கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையில் இவ்வளவு பெலன் இன்னும் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

வான் வாசலில் நின்றது. ஹோர்ன் அடிக்கவில்லை. "நாயகி" என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

காலையில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போன வான் அது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

சாரதிப் பக்கத்தில், ஒரே ஒரு கதவு.